ஸ்டெல்லாவுக்குச் சொல்லாத குட் மார்னிங்

கண்ணா,

உன் கடிதமும், அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த இரண்டு ஜெராக்ஸ் தாள்களும் வந்து இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. அப்பா அன்றைக்கே பதில் போட்டுவிட்டார். புனேயில் குளிர் எப்படி, ஸ்வெட்டர் வாங்கினாயா, மெஸ்ஸில் சாதம் போடுகிறார்களா என்று அவர் கேட்டதையெல்லாம் நானும் கேட்டதாக வைத்துக்கொள். போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்கு நீ போன் பண்ணியபோது, "என் கட்டுரையப் படிச்சியாம்மா, ஒண்ணுமே சொல்லலையே" என்று இரண்டு தடவை கேட்டாய். "படிச்சேன்பா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, உனக்கு எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுமே என்று சாக்குச் சொல்லி ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். மீட்டர் ஓடும் கவலை எனக்கு எப்போதும் உண்டுதான். ஆனால் அன்றைக்கு அது காரணமில்லை.

கம்பெனி ட்ரெயினிங்கில் முதல் வாரம் முழுக்க ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள் என்று நீ எழுதியதைப் படித்து நானும் அப்பாவும் சிரித்தோம். மீசை முளைத்த முப்பது பையன்கள் ஒருத்தர் கையை ஒருத்தர் குலுக்கி, "ஹவ் டூ யூ டூ" சொல்லிப் பழகுவதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராதா? அதற்கு அடுத்த வாரம் இளமைக்கால நினைவுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள், நீ எழுதியது ஆசிரியைக்குப் பிடித்துவிட்டது, கம்பெனியின் பத்திரிகையில் போடப்போகிறார்கள். "அச்சுக்குப் போறதுக்குள்ள ஏதாவது தப்பு இருந்தா சொல்லும்மா" என்று கேட்டிருக்கிறாய். தப்பு இருக்கிறது. அது உன்னுடையது இல்லை, அதனால்தான் மூன்று வாரம் ஆயிற்று.

நீ எழுதியிருப்பது இதுதான். ஊரப்பாக்கத்தில் நாலே வீடு இருந்த மனைப்பிரிவில் நம் வீடு. சாயங்காலம் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பாள், நீ வெளியே போய்க் கதவைத் தட்டுவாய், அம்மா திறந்ததும் நீ விருந்தாளி மாதிரி "குட் ஈவ்னிங், மே ஐ கம் இன்" என்பாய், அம்மா உன்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தம்ளரில் காப்பி இல்லாமலே காப்பி கொடுப்பாள். அம்மா பட்டதாரி என்பதால் உனக்கு ஆங்கிலத்தில் பேசவும் பழகவும் அவளே சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் அந்த விளையாட்டு நின்றுபோயிற்று, ஏன் என்று தெரியாது, குழந்தைப் பருவத்து விளையாட்டுகள் அப்படித்தான் காரணமில்லாமல் முடிந்துபோகும் என்று அழகாக எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியில் தாம்பரத்து நர்சரி ஸ்கூல் வருகிறது. அதில் ஒரு வரி: கேட்டருகே ஓர் ஆயா எப்போதும் தலையைக் குனிந்தபடி நிற்பாள், பெயர் நினைவில்லை.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். அந்த ஆயாவின் பெயர் ஸ்டெல்லா. உனக்கு முதல் குட் மார்னிங் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். உனக்கு மட்டுமில்லை, எனக்கும்.

நான் பி.ஏ. சரித்திரம். கல்யாணம் ஆகும்போது கடைசி வருஷத் தேர்வு எழுதி ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பேப்பர் பாஸ் பண்ணியவள்தான், பத்துப் பக்கக் கட்டுரையை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கிவைப்பேன். ஆனால் ஒரு மனுஷர் எதிரில் நின்று "ஹவ் ஆர் யூ" என்று கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உனக்கு மூன்றரை வயது ஆனபோது எனக்கு இருபத்தைந்து முடியவில்லை. தாம்பரத்தில் அந்த ஸ்கூலில் சேர்க்க வேண்டுமென்றால் குழந்தையை மட்டும் பார்க்கமாட்டார்கள், அம்மா அப்பாவையும் உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா கிண்டியில் மெஷின் ஷாப்பில் ஷிப்ட் முடித்து ரயிலைப் பிடித்து வருகிறவர். "நான் வாயத் தொறந்தா சீட்டு கிடைக்காது. நீதானே டிகிரி, நீ பாத்துக்கோ" என்று முடித்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும், என் டிகிரி பீரோவுக்குள் இருந்தது, வாயில் இல்லை.

ஸ்டெல்லா நமக்குப் பின்னால் ஏரிக்கரை ஓரத்துக் குடிசை வரிசையில் இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவள். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனபின் அந்த நர்சரி ஸ்கூலில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நம் வீட்டு அடிபம்பில்தான் தண்ணீர் எடுப்பாள். ஒரு சாயங்காலம் கையில் ஒரு வெளிநாட்டுக் கவரோடு வந்து நின்றாள். "யம்மா, நீ படிச்சவளாமே. எங்க மிஸ்ஸி கடுதாசி போட்டுகீது. படிச்சுச் சொல்றியா?" மிஸ்ஸி என்பது அந்த வீட்டு அம்மாள். ஸ்டெல்லாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "அப்பிடியே இங்கிலீஷ்லயே படிமா. எனக்குப் புரியும். மிஸ்ஸி பேசற மாதிரி கேக்கணும்." நான் படித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாமா இது, சர்ச்சுல அறிவிப்பு வாசிக்கிற மாதிரி!"

அப்படித்தான் எங்களுக்குள் ஏற்பாடு ஆயிற்று. அவளுக்கு வரும் கடிதங்களை நான் படித்துக் காட்டுவேன், அவள் சொல்லச் சொல்ல பதில் எழுதுவேன். எழுத வந்த எனக்குப் பேச வராது, பேச வந்த அவளுக்கு எழுத வராது. அவள் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள். நீ எழுதியிருக்கும் அந்தக் கதவு தட்டும் விளையாட்டு அவள் கண்டுபிடித்தது. முதலில் கதவுக்கு வெளியே நின்றவள் ஸ்டெல்லா. உள்ளே நான். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். கதவைத் திறந்தால், சற்றுமுன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவள் தோளை நிமிர்த்தி, யாரோ ஒரு சீமாட்டி மாதிரி, "குட் ஈவ்னிங், மை டியர். ஹவ் டூ யூ டூ?" என்பாள். நான் தலைவலி, தூக்கமில்லை என்று உடம்பு விவரம் சொல்லத் தொடங்குவேன். "அய்யோ, அதுக்கு டாக்டர்கிட்ட போ! நீயும் 'ஹவ் டூ யூ டூ'ன்னு திருப்பிக் கேளு, அவ்ளோதான். தலையத் தூக்குமா. கண்ணப் பாத்துச் சொல்லு. கீழப் பாத்துகினு சொன்னா கடனேன்னு சொல்ற மாதிரி கீது."

நீ எங்கள் இருவரையும் முந்திவிட்டாய். ஒரே வாரத்தில் காலையில் பால்காரருக்கு, காகத்துக்கு, அப்பாவின் சைக்கிளுக்கு எல்லாம் குட் மார்னிங். அப்பா, "வெள்ளைக்காரன் போயி இத்தனை வருஷம் கழிச்சு ஊரப்பாக்கத்துக்கு வந்துட்டான்டி" என்று கேலி பண்ணுவார். ஆனால் ஒரு நாள் அவர் தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று "வெரி வெல், தாங்க் யூ" என்று சொல்லிப் பார்த்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். இதுவரை அவரிடம் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே.

ஸ்டெல்லா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு ஸ்கூல்ல மட்டும் சொல்லிடாத. அங்க ஆயா அட்மிஷனுக்குத் தயார் பண்றான்னு தெரிஞ்சா வேல பூடும்." நான் சரி என்றேன். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள், ஏனென்றால் பின்னால் பல வருஷம் நான் இதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன்.

அட்மிஷன் அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டது ஸ்டெல்லாதான். நீலப் பார்டர் போட்ட வெள்ளைப் புடவையில், எங்களைத் தெரியாதவள் மாதிரி நின்றாள். உள்ளே ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் "குட் மார்னிங், ஹவ் ஆர் யூ?" என்றார். அத்தனை நாள் பழகியதும் போயிற்று. எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்பா மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ நாற்காலியிலிருந்து இறங்கி நின்று, "வெரி வெல், தாங்க் யூ மேடம். மை மம்மி ஆல்ஸோ வெரி வெல்" என்றாய். மேடம் சிரித்துவிட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அது ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த வாக்கு. அதில் தப்பில்லை. ஆனால் மேடம் "வெரி குட்" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது என் முதுகு நிமிர்ந்ததே, அதை நானே கவனித்தேன்.

ஸ்கூல் திறந்த முதல் நாள். கேட்டில் ஒரே கூட்டம், பாதிக் குழந்தைகள் அழுகை. அம்மாக்கள் எல்லாம் நல்ல புடவையில் வந்திருந்தார்கள், பாதிப் பேர் காலனிக்காரர்கள், வீட்டுக்காரர் பேங்க், ஏர்போர்ட் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களோடு நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் கையை உதறிக்கொண்டு ஓடினாய். கேட்டில் நின்ற ஸ்டெல்லாவின் முன்னால் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "குட் மார்னிங், ஸ்டெல்லா ஆன்ட்டி! ஹவ் டூ யூ டூ?" என்றாய். அவளுக்குத் தாங்கவில்லை. தன் வேலையையும் மறந்து, குனிந்து உன் கையைப் பிடித்து, "ஹவ் டூ யூ டூ, மை டார்லிங்" என்றாள். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் சிரித்தார். "என்னங்க, உங்க பையன் ஆயாவுக்கெல்லாம் குட் மார்னிங் சொல்றான்! உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் "இல்லைங்க" என்றேன். அதோடு விட்டிருந்தாலும் வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் உன்னிடம் போனேன். உன் கையில், முழங்கைக்கு மேலே, சட்டைக்குள் விரல் விட்டுக் கிள்ளினேன். "ஆயாவுக்கெல்லாம் சொல்லக்கூடாது. மிஸ்ஸுக்கு மட்டும்தான்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நீ அழவில்லை. என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். அவள் உன் கையை விட்டுவிட்டுப் பக்கத்துக் குழந்தையின் டிபன் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நீ அவளுக்குச் சொன்னதில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை நீ. அவளும் நம் பம்புக்குத் தண்ணீருக்கு வரவில்லை, கடைசி வீட்டுப் பம்புக்குப் போய் எடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் நீ வழக்கம்போலக் கதவைத் தட்டினாய். நான் திறந்தேன். "குட் ஈவ்னிங்" என்றாய். "போதும் விளையாட்டு, போய்க் கை கால் கழுவு" என்றேன். அவ்வளவுதான், கண்ணா. அந்த விளையாட்டு காரணமில்லாமல் நின்றுபோகவில்லை.

ஒரு தடவையாவது போய்ப் பேசியிருக்கலாம். ஏரிக்கரைக்கு எத்தனை தூரம்? நாளைக்குப் போகலாம் என்பேன். அவளே வேண்டாமென்றுதானே சொன்னாள், வெளியே தெரிந்தால் அவளுக்குத்தானே கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த வருஷம் அந்தப் பக்கமும் மனை போட்டுக் கல் நட்டார்கள், குடிசைகளைக் காலி பண்ணினார்கள், அவள் கூடுவாஞ்சேரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நீ நர்சரி முடித்துப் பெரிய ஸ்கூல் கட்டடத்துக்கு மாறிவிட்டாய். எனக்கும் வசதியாகப் போயிற்று.

உன் ஜெராக்ஸ் வந்தபிறகுதான் கிளம்பினேன். போன வியாழக்கிழமை, அப்பாவிடம் கூடச் சொல்லாமல், தாம்பரம் பஸ் ஏறினேன். ஸ்கூல் விடுகிற நேரம். அவள் இருப்பாளா, என்னை அடையாளம் தெரியுமா, தெரிந்தால் என்ன சொல்வாள் என்று பெருங்களத்தூர் வரைக்கும் யோசித்து, அங்கேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அவள் அதே கேட்டில் நின்றிருந்தாள். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள், மற்ற ஆயாக்களுக்கு அவள்தான் தலைவி. நான் என்ன சொல்வது என்று தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைப் பார்த்து, வருகிற எல்லாருக்கும் சொல்கிற மாதிரி, "குட் ஆப்டர்நூன், மேடம். எந்த கிளாஸ்?" என்றாள்.

"ஸ்டெல்லா, நான் ஊரப்பாக்கம்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அடிபம்பு வூட்டம்மா" என்றாள். உடனே திரும்பி வேலையைப் பார்க்கப் போனாள். குழந்தைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள், நான் ஓரமாக நின்றேன். கூட்டம் குறைந்ததும் அவளே வந்தாள். "இன்னா விஷயம்?"

நான் அந்த முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "தெரியும் தெரியும்" என்று கையை வீசினாள். "கிள்ளுனது நான் பாத்தேன். புள்ள கை செவந்து பூட்ச்சி. மனசு பேஜாராத்தான் இருந்துச்சி. ஒரு மாசம் கேட்டுக்கே வரல நானு, பின்னாடி பாத்ரூம் டூட்டி கேட்டு வாங்கிக்கினேன். அது பழசு, வுடு." நான் அழுதுவிட்டேன். "இங்க அழாத, அட்மிஷன் கெடைக்கலன்னு நெனைப்பாங்க" என்றாள்.

அவள் விட்டாலும், நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. உங்கள் மிஸ்ஸியின் கடிதங்களை அப்புறம் யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் முகம் மாறிற்று. கொஞ்ச நாள் சர்ச்சில் பாதர் படித்தாராம், அவருக்கு நேரமில்லை. அப்புறம் யார் கிடைத்தார்களோ அவர்கள். "கடசிக் கடுதாசி அவங்க பொண்ணு போட்டது. இங்க ஆபீஸ்ல ஒரு க்ளார்க் இருந்தான், அவன்கிட்ட குடுத்தேன். மனசுக்குள்ளயே படிச்சான். 'ஆயா, உன் மேடம் தவறிப் போய்ட்டாங்க'ன்னான். அவ்ளோதான். ரெண்டு பக்கம் எழுதி இருந்துச்சிமா. மீதி இன்னா எழுதி இருந்துச்சின்னு கேக்கறதுக்குள்ள மணி அட்ச்சிட்டாங்க." அவள் அழவில்லை. ஒரு கிள்ளல், ஒரு வார்த்தை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவளிடமிருந்து நான் எதைப் பிடுங்கினேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு நாற்பது வயதாகிறது. இந்த வயதில் இப்படி ஒன்றைத் தெரிந்துகொள்வது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் தெரியாமலே இருந்திருப்பேன் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

உன் கட்டுரையை எடுத்துக் காட்டினேன். படி என்றாள். கேட் பக்கத்துச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து ஆங்கிலத்திலேயே படித்தேன். விளையாட்டு வந்தபோது தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். "காப்பி இல்லாம காப்பி குடுத்தது நெஜம்" என்றாள். அந்த ஆயா வரி வந்ததும் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றிற்று. தாண்டவில்லை. "தல குனிஞ்சிகினா? நானா?" என்றாள். "புள்ளைங்க ஒன்னொன்னும் ஒரு ஷூவக் கழட்டிப் போட்டுட்டு ஓடும்மா. ஷூவத் தேடிகினு இருந்திருப்பேன். இத மாத்தச் சொல்லு." சரி என்றேன். "பேரையும் போடச் சொல்லு. ஞாபகம் இல்லன்னு போட்டா நல்லாவா கீது?" கொஞ்சம் யோசித்து, "புள்ள இன்னா உயரம்?" என்று கேட்டாள். அப்பாவைவிட அரையடி உயரம் என்றேன். வேறு எதுவும் உன்னைப் பற்றி அவள் கேட்கவில்லை.

நீ அச்சுக்கு அனுப்புவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டுமென்று இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். என்ன மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது என்பது உன் இஷ்டம், அது நீ எழுதியது. அம்மா பட்டதாரி என்ற வரியை எடுத்தால் எனக்கு வருத்தமில்லை. கிள்ளியதையும் எழுதலாம், அதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது, ஆனாலும் எழுதலாம். அவள் முழுப்பெயர் ஸ்டெல்லா மேரி.

அங்கே உன் கம்பெனியிலும் ஒரு கேட் இருக்கும், கேட்டில் யாராவது நிற்பார்கள். கேன்டீனில் தட்டு எடுப்பவர் இருப்பார். நீ பயிற்சி எடுத்துக்கொள்வது மேனேஜரிடம் கை குலுக்குவதற்காக, தெரியும், அதையும் நன்றாகச் செய். ஆனால் நான் உனக்கு மூன்றரை வயதில் போட்ட ஒரு தடை உன் உடம்பில் எங்காவது இன்னும் இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தால் அதை எடுத்துப் போட்டுவிடு, நானே சொல்கிறேன். அவர்கள் பாஷை தெரியாவிட்டால் அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்.

அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை நான் தாம்பரம் போகப்போகிறேன். மிஸ்ஸியின் மகள் எழுதிய அந்தக் கடைசிக் கடிதத்தை ஸ்டெல்லா தகர டப்பாவில் வைத்திருக்கிறாளாம், கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்துக் காட்டிவிட்டு, அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதவேண்டும். இத்தனை வருஷம் கழித்து அந்த முகவரியில் யாராவது இருப்பார்களா தெரியாது. இருந்தாலும் எழுதத்தான் போகிறோம்.

பொங்கலுக்கு நீ வரும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். அப்பாவும் வருவார், இப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அன்னிக்கே எங்கிட்ட சொல்லி இருக்கலாமே, நான் போய்ப் பேசி இருப்பேனே" என்றார். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கேட்டுக்கு வருகிற யாராக இருந்தாலும் அவள் முதலில் வணக்கம் சொல்லிவிடுகிறாள், அவ்வளவு வருஷப் பழக்கம். என்னையே முந்திவிட்டாள். உனக்கு நீளமான கால். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எங்களுக்காக நிற்காதே, வேகமாக முன்னால் போ. அவள் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிடு.

உன் அம்மா